தமிழ்நாட்டில் கல்யாணம், பதிவு, சான்றிதழ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சித்தப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த அதே வாரத்தில் சித்தியிடம் கேட்கப்பட்ட முதல் தாள், திருமணச் சான்று. கல்யாணமாகி முப்பத்தியொரு வருடம் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகள், ஒரே ரேஷன் கார்டு, ஆனால் அந்தத் தாள் மட்டும் இல்லை. கடைசியில் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பட்டுப் புடவை மடிப்புக்குள் அவர்களுடைய கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது, ஒரு ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது, நல்லவேளையாகத் தேதி இருந்த வரி தப்பியிருந்தது. அதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்தோம். அதிலிருந்து சொந்தத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இதைப் பற்றிப் பேசிவிடுவேன். அப்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ரிஜிஸ்டர் பண்ணிவிட்டால் கல்யாணம் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கல்யாணம் வேறு, பதிவு வேறு. இந்து திருமணச் சட்டம், 1955-ன்படி, சடங்கு அல்லது சட்டம் ஏற்கும் ஏதாவது ஒரு முறையில் முதலில் கல்யாணம் நடந்திருக்க வேண்டும், நடந்த அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சிதான் பதிவு. எதுவுமே நடக்காமல் விசாவுக்காகச் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்தால் அது கல்யாணமே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் தெளிவாகவே சொன்னது. அதேபோல, பதிவு செய்யாமல் விட்டதால் ஒரு நல்ல கல்யாணம் செல்லாமல் போய்விடாது, அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. என்ன, செல்லும் என்பதை நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழும். எங்கள் சித்தி தலையில் விழுந்த மாதிரி.

விதிவிலக்கு சிறப்புத் திருமணச் சட்டம், 1954. அதில் பதிவு அலுவலரின் முன்னால் நடப்பதுதான் கல்யாணமே.

கோர்ட் மேரேஜ் என்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறோம், அவ்வளவுதான். எல்லாம் பதிவுத்துறை அலுவலகங்களில், அதாவது நாம் பத்திர ஆபீஸ் என்று சொல்கிற சார்பதிவாளர் அலுவலகம் போன்ற இடங்களில்தான் நடக்கிறது.

வயது எவ்வளவு ஆகியிருக்க வேண்டும்?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. முடிந்திருக்க வேண்டும், நடந்துகொண்டிருந்தால் போதாது. பெண்ணின் வயதையும் 21 ஆக்கும் மசோதா 2021-ல் நாடாளுமன்றத்தில் வந்தது, நிறைவேறாமல் காலாவதியாகிவிட்டது, ஆகவே அந்த வாட்ஸப் செய்தியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வயது குறைவாக இருக்கும்போது நடத்தி வைத்தால் அது குழந்தைத் திருமணம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதுவும் பெற்றோர், நடத்தி வைத்தவர், துணை நின்றவர் எல்லோருக்கும். "ஜாதகத்தில் இப்போதுதான் நேரம் இருக்கிறது" என்று பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தேதி குறிக்கிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று உங்கள் காதுக்கு வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். அந்தப் பெண்ணின் படிப்பைவிடப் பெரிய முகூர்த்தம் எதுவும் இல்லை.

ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, மாலை மட்டும் மாற்றிக்கொண்டோம். செல்லுமா?

செல்லும், இருவரும் இந்துக்களாக இருந்தால். இது நம் மாநிலத்துக்கே உரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரியார் காலத்திலிருந்தே சுயமரியாதைத் திருமணங்கள் ஆயிரக்கணக்கில் நடந்தன. ஆனால் சட்டம் அவற்றைக் கல்யாணமாக ஏற்கவில்லை. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு திருமணத்தைச் செல்லாது என்றே சொல்லிவிட்டது. ஊரறிய மாலை மாற்றி வாழ்ந்தவர்களின் சொத்தும் பிள்ளைகளின் வாரிசு உரிமையும் என்ன ஆவது என்று நினைத்துப் பாருங்கள். அண்ணா முதலமைச்சரானதும் 1967-ல் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு அப்படி வந்ததுதான். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் "இவரை என் கணவராக ஏற்கிறேன், இவரை என் மனைவியாக ஏற்கிறேன்" என்று சொன்னாலே போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், இதில் ஏதாவது ஒன்று. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள்.

இதைக் கூட்டம் கூட்டித்தான் செய்ய வேண்டும், ஊருக்கு அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் முன்னிலையில் இருந்தவர்கள் நாளை வந்து "ஆமாம், நான் பார்த்தேன்" என்று சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். போட்டோ எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி.

கல்யாணம் முடிந்து எத்தனை நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்?

90 நாள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 அந்த வருடம் நவம்பர் 24 முதல் நடப்பில் இருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எந்த மதமானாலும், எந்த முறையில் நடந்தாலும் பதிவு கட்டாயம். எல்லா மாநிலமும் கட்டாயப் பதிவுக்குச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்த சட்டம் இது. 90 நாளை விட்டுவிட்டால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு, ஆக மொத்தம் 150.

கல்யாணம், மறுவீடு, விருந்து என்று முதல் மாதம் ஓடிவிடும். அடுத்தது ஆடி, பெண் அம்மா வீட்டில் இருப்பாள். அப்புறம் மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குப் போய்விடுவார். இப்படித்தான் 90 நாள் தீர்ந்துபோகிறது. கல்யாண வேலைப் பட்டியலிலேயே ஒரு தேதி போட்டு எழுதி வையுங்கள்.

150 நாளும் போய்விட்டது. நாலு வருஷம் ஆகிவிட்டது. என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம், அதற்குக் காலக்கெடு இல்லை. மற்றவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், ஏற்கெனவே நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்யலாம். அதற்கு இருவரும் சேர்ந்து வாழ்ந்து வர வேண்டும், பதிவின்போது இருவருக்குமே 21 முடிந்திருக்க வேண்டும், 30 நாள் அறிவிப்பும் உண்டு. ஒருவர் போன பிறகு இந்த வழி எல்லாம் அடைபட்டுவிடும், இருவரும் உயிரோடு இருக்கும்போதுதான் இது சுலபம். உங்கள் அப்பா அம்மாவின் கல்யாணம் பதிவாகியிருக்கிறதா என்றும் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

எந்த ஊரில் பதிவு செய்வது? கல்யாணம் திருச்செந்தூரில், நாங்கள் இருப்பது திருப்பூரில்.

முன்பெல்லாம் கல்யாணம் நடந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். 2020-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், இப்போது மணமகனோ மணமகளோ வசிக்கும் பகுதியிலும் செய்யலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, நாள் குறித்துக்கொண்டு, பிரிண்ட் எடுத்துப் போகலாம்.

ஒரு விஷயம், முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள். வீடு, மனை கிரயம் செய்ய ஊரே வந்து உட்கார்ந்திருக்கும், டோக்கன் எண்ணிக்கையையே கூட்டுவார்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை போனால் நிம்மதியாக முடியும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

கல்யாணப் பத்திரிகை, கோயில் அல்லது மண்டப ரசீது, மாலையோடு இருவரும் இருக்கும் போட்டோ, இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள், சாட்சிகளின் அடையாள அட்டை. எல்லாவற்றிலும் அசலும் ஜெராக்ஸும். வயதுக்குப் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் போன்றவை. நடத்தி வைத்தவரின் பெயர், முகவரியும் கேட்பார்கள், அதைக் கல்யாணத்தன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு குருக்களைத் தேடிப் போவது கஷ்டம்.

கோயிலில் கல்யாணம் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கோயில்களில் இது இருவருக்கும் முதல் திருமணம்தான் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ விசாரித்து, அது கையில் வர நாளாகும். பத்திரிகை அடித்த பிறகு அதற்கு ஓடாதீர்கள்.

ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர். பிரச்சினையா?

பிரச்சினைதான், நான் பார்த்த வரை ஜோடிகள் திருப்பி அனுப்பப்படுவது அதிகம் இதனால்தான். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு அப்படி. பள்ளியில் எஸ். குமார், ஆதாரில் குமார் சண்முகம், பாஸ்போர்ட்டில் சண்முகம் குமார். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ள எழுத்துகளையே எல்லாவற்றுக்கும் அளவாக வைத்து, மற்றதை முன்கூட்டியே திருத்திவிடுங்கள். சான்றிதழில் தப்பாக ஏறிவிட்டால் பிறகு திருத்துவது இரண்டு மடங்கு வேலை.

சாட்சி எத்தனை பேர்? நண்பர்கள் போதுமா?

போதும், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, 18 வயது தாண்டியிருக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மூன்று பேர் கட்டாயம். மற்றதற்கும் மூன்று பேராகவே போங்கள், ஒருவருடைய அட்டையில் ஏதாவது குறை என்றால் நாள் வீணாகாது.

நான் இந்து, அவர் கிறிஸ்தவர். கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. இந்து திருமணச் சட்டமும் அதன் 7-ஏ பிரிவும் இந்துக்கள் இருவருக்கு இடையேதான். இந்துவும் கிறிஸ்தவரும் அந்தச் சட்டத்தின் கீழ் செய்த கல்யாணம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியர் மட்டும் அந்தச் சட்டத்துக்கு இந்துக்களோடு சேர்த்தி.

யாரும் மதம் மாற வேண்டாம் என்றால் நேரான வழி சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்ததும் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், 30 நாள் ஆட்சேபணைக்கு. ஒன்றும் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போட்டால் அங்கேயே கணவன் மனைவி. அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆவணியில் கல்யாணம் வேண்டும் என்றால் ஆனி கடைசியிலோ ஆடி முதல் வாரத்திலோ அறிவிப்புக் கொடுத்துவிடுங்கள்.

ஆட்சேபணை என்றால் "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பதெல்லாம் கணக்கில் வராது. ஏற்கெனவே மனைவி இருக்கிறார், வயது குறைவு, நெருங்கிய ரத்த உறவு, மனநிலை காரணமாகச் சம்மதம் சொல்ல முடியாதவர், இப்படிச் சட்டத்தில் உள்ள காரணமாக இருக்க வேண்டும். அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம், அதற்கும் 30 நாள்.

கிறிஸ்தவ முறையில் என்றால் 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும், ஆனால் உங்கள் சபையின் விதி வேறாக இருக்கலாம், பாதிரியாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றோர் கையெழுத்து வேண்டுமா?

சட்டத்தில் எங்கேயும் வேண்டாம். 18-ம் 21-ம் முடிந்த இருவரின் சம்மதம்தான் சம்மதம். பெண்ணைக் காணவில்லை என்று வீட்டில் புகார் கொடுத்தால், அவர் காவல் நிலையத்திலோ நீதிபதி முன்னாலோ "நான் மேஜர், என் விருப்பத்தில்தான் போனேன்" என்று வாக்குமூலம் கொடுக்கலாம், அதன் பிறகு அவரைக் கட்டாயப்படுத்தி வீட்டோடு அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பது வேறு, நீங்கள் பத்திரமாக இருப்பது வேறு. சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை இந்த மாநிலத்தில் யாரும் மறக்க முடியாது. சாதி மாறிக் கல்யாணம் செய்பவர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் எஸ்பி, சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் சேர்ந்த சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. மிரட்டல் வந்தால் எஸ்பி அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பெண்கள் 181-க்கு அழைக்கலாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது நம்பிக்கையான ஒருவருக்காவது எப்போதும் தெரிந்திருக்கட்டும். "சமாதானமாகப் பேசலாம், ஒருநாள் வந்து போ" என்ற அழைப்பை நம்பித் தனியாக மட்டும் போகாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தாய்மாமனைக் கட்டலாமா? அத்தை மகன்?

பொதுவாக தாய்மாமன், அக்கா மகள் உறவும் அத்தை மகன், மாமன் மகள் உறவும் இந்து திருமணச் சட்டத்தில் விலக்கப்பட்ட உறவுதான். ஆனால் வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று அதே சட்டம் சொல்கிறது, நம் பக்கம் முறை மாமன், முறைப் பெண் கல்யாணங்கள் அந்த வழக்கத்தில்தான் நடக்கின்றன. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை, அங்கே வழக்கமும் கைகொடுக்காது.

முதல் கல்யாணம் முறிந்துவிட்டது. மறுமணத்துக்கு என்ன வேண்டும்?

விவாகரத்துத் தீர்ப்பின் நகல், அதோடு மேல்முறையீட்டுக் காலமான 90 நாள் முடிந்திருக்க வேண்டும், மேல்முறையீடு நடக்காமலும் இருக்க வேண்டும். துணை இறந்திருந்தால் இறப்புச் சான்று. ஸ்டாம்ப் பேப்பரில் "இனி நமக்குள் ஒன்றுமில்லை" என்று எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கியது விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது கல்யாணம் செல்லாது, ஏழு வருடம் வரை சிறை உள்ள குற்றமும் கூட. இதில் ஏமாந்து நிற்பது பெரும்பாலும் விஷயமே தெரியாமல் இரண்டாவதாக வந்த பெண்தான், அதனால் பெண் வீட்டார் கூச்சப்படாமல் தீர்ப்பு நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நிக்காஹ் நாமா இருக்கிறதே, தனியாகப் பதிய வேண்டுமா?

ஆமாம். ஜமாத் பதிவேடும் சரி, தேவாலயப் பதிவேடும் சரி, நல்ல ஆதாரம்தான். ஆனால் 2009 சட்டத்தின் பதிவு எல்லோருக்கும் பொது.

திருநங்கைகள் கல்யாணத்தைப் பதிவு செய்யலாமா?

செய்யலாம். தூத்துக்குடியில் ஒரு ஜோடியின் பதிவை மறுத்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரே பாலினத் திருமணத்துக்கு மட்டும் இன்னும் சட்ட அங்கீகாரம் இல்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது.

மாப்பிள்ளை வெளிநாட்டில். வீடியோ காலில் முடியுமா?

2022-ல் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் ஒருவருக்கு மதுரைக் கிளை அப்படி அனுமதி கொடுத்தது உண்மை. அது வழக்குப் போட்டு வாங்கிய உத்தரவு. சாதாரணமாக இருவரும் நேரில் வர வேண்டும் என்று வைத்தே விடுமுறையைத் திட்டமிடுங்கள்.

கல்யாணம் ஆனதும் பெண் தன் பெயரை மாற்றியே ஆக வேண்டுமா?

எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பா இனிஷியலோடே இருக்கலாம். பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்று கட்டாயம் என்பதை 2016 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். துணைவருக்கான விசாவுக்குத்தான் அநேகமாக எல்லா நாடும் கேட்கும்.

சாதி மறுப்புத் திருமணத்துக்கு அரசு உதவி உண்டா?

உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம். படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாயும் 8 கிராம் தங்க நாணயமும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பம். அதற்கும் முதலில் கேட்பது திருமணப் பதிவைத்தான்.

புரோக்கர் 8,000 கேட்கிறார், கொடுக்கலாமா?

வேண்டாம். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாயைத் தாண்டாது, கட்டியதற்கு ரசீது உண்டு. விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்திலோ ஆவண எழுத்தரிடமோ நியாயமான கூலிக்குச் செய்துகொள்ளலாம். "நீங்கள் வரவே வேண்டாம், சான்றிதழ் வீட்டுக்கு வரும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், போலிச் சான்றிதழ் வைத்திருந்து மாட்டினால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

சான்றிதழ் கையில் வந்துவிட்டது. இனி?

அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் இருவர் பெயர், பிறந்த தேதி, கல்யாணத் தேதி, ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக வாசித்துப் பாருங்கள், தப்பு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சில இடங்களில் அசலில் முத்திரை வைக்க வேண்டியிருக்கும். ஸ்கேன் எடுத்து இருவர் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். அசல் எங்கே இருக்கிறது என்பது கணவர், மனைவி இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். சித்தப்பா தன் தாள்களை எல்லாம் எங்கே வைத்திருந்தார் என்று சித்திக்குத் தெரியாமல் போனதால், அந்த எட்டு மாதத்தில் இரண்டு மாதம் வெறும் தேடலிலேயே போனது.